குப்பைக்குப் போன அட்டைக்கு நூறு கோடி ரூபாய்!

சினிமா அட்டை மோகமும், சேலத்துப் பரண்களில் கிடக்கும் செல்வமும்

உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை. அதன் விலை 113 கோடி ரூபாய்!

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் இந்த விலை கிடைத்தது. மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் என்ற இரண்டு கூடைப்பந்து வீரர்களின் கையெழுத்து அந்த அட்டையில் இருக்கிறது. ஏலத் தொகை 1 கோடியே 29 லட்சம் டாலர். அன்றைய நிலவரப்படி நம் பணத்தில் ஏறத்தாழ 113 கோடி ரூபாய்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 ஆகஸ்டில், இன்னோர் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அது மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட அட்டை. 1952-ல் அச்சானது. அன்று சிறுவர்கள் சூயிங்கம் வாங்கினால் அதோடு கிடைத்த அட்டை அது. விலை சில காசுதான்!

இந்தச் செய்திகளைப் படித்த பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு.

சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எதிரே உள்ள பெட்டிக் கடைகளைப் பாருங்கள். கிரிக்கெட் வீரர் அட்டை, மல்யுத்த வீரர் அட்டை, போகிமான் அட்டை என்று சரம் சரமாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் தின்பண்டத்துக்குக் கொடுத்த காசைக்கூட அதில் போடுகிறார்கள்.

"இதுவும் ஒருநாள் கோடிக்குப் போகுமோ?"

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், சில அட்டைகள் ஏன் விலை ஏறின, சில அட்டைகள் ஏன் ஏறவில்லை என்று பார்க்க வேண்டும்.

சினிமா வீரனின் அட்டை

முதலில் ஒரு சினிமாவின் கதை.

1976-ல் "ராக்கி" என்ற ஆங்கிலப் படம் வந்தது. பிலடெல்பியா நகரத்து ஏழைக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனின் கதை. பெயர் தெரியாத அவனுக்கு, உலக வீரனோடு மோத ஒரு வாய்ப்பு வருகிறது. அவன் ஜெயிக்கவில்லை. ஆனால் கடைசிச் சுற்று வரை கீழே விழுந்து கிடக்காமல் நிற்கிறான். அதுவே அவனுக்கு வெற்றி!

சில்வெஸ்டர் ஸ்டாலோன் என்ற நடிகர் இந்தக் கதையை எழுதித் தாமே நடித்தார். குறைந்த செலவில் எடுத்த படம். ஆனால் அந்த ஆண்டின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசு பெற்றது.

1979-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. உடனே "டாப்ஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனி அந்தப் படத்தின் காட்சிகளை அட்டைகளாக அச்சிட்டது. மொத்தம் 99 அட்டைகள். அவற்றோடு ஒட்டும் படங்கள் 22.

பொட்டலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. வாங்கிப் பிரித்தால்தான் தெரியும். ஒரே அட்டை மூன்று முறை வரும். வேண்டிய அட்டை ஒருமுறைகூட வராது. அதனால் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக் கொண்டார்கள். "உன் 17-ம் நம்பரைக் கொடு, என் 40-ம் நம்பரைத் தருகிறேன்" என்று பேரம் பேசினார்கள். 99-ஐயும் சேர்த்து முடிப்பது ஒரு தவம்!

அன்று சேர்த்த பிள்ளைகளுக்கு இன்று வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது. கையில் பணம் இருக்கிறது. தொலைந்த அட்டைகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். உண்மையில் அவர்கள் வாங்குவது அட்டையை அல்ல, பால்ய காலத்தை!

அப்படியானால் ராக்கி அட்டையின் விலையும் கோடிக் கணக்கில் இருக்க வேண்டுமே?

இல்லை. அச்சானபடியே மூலை மடங்காமல் இருக்கும் ஓரிரு அட்டைகளுக்கு நல்ல விலை உண்டு. மற்றவை சாமானியர் வாங்கக்கூடிய விலைக்கே கிடைக்கின்றன. படம் உலகப் புகழ் பெற்றது. அட்டையோ மலிவாகவே இருக்கிறது!

கடலில் கொட்டிய செல்வம்

காரணம் என்ன?

மேன்டில் அட்டையின் கதையில் அதற்கு விடை இருக்கிறது.

1952-ல் டாப்ஸ் கம்பெனி பேஸ்பால் அட்டைகளின் கடைசித் தொகுதியைப் பருவம் முடியும் நேரத்தில் வெளியிட்டது. மேன்டில் அட்டை அந்தத் தொகுதியில் இருந்தது. சரக்கு விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கியது. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. கடைசியில் 1960-ல் அந்தப் பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கர் என்பவரே பிற்காலத்தில் இதைச் சொன்னார்.

சிறுவர்கள் வாங்கிய அட்டைகளும் அதிகம் தப்பவில்லை. சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்தார்கள். மழையில் நனைத்தார்கள். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதும் தாய்மார்கள் பெட்டியோடு தூக்கி எறிந்தார்கள்.

எல்லோரும் எறிந்தார்கள். அதனால்தான் எறியாதவன் வீட்டில் இருந்த ஒன்றிரண்டுக்கு விலை வந்தது!

எல்லோரும் பத்திரப்படுத்தினால்?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு.

1980-களில் பழைய அட்டைகளின் விலை ஏறுவதை அமெரிக்கர்கள் கண்டார்கள். "அட்டை வாங்கி வைத்தால் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும்" என்று நினைத்தார்கள். பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கினார்கள். கம்பெனிகளும் விடவில்லை. லட்சம் லட்சமாக அச்சடித்துத் தள்ளின.

முடிவு என்ன? 1990-களில் விலை சரிந்தது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் வாங்குவார்கள்? அந்தக் காலத்து அட்டைகள் இன்றும் பல வீடுகளில் பிரிக்காத பெட்டியாகவே கிடக்கின்றன. வாங்கிய விலைகூடத் தேறாது.

113 கோடிக்குப் போன அட்டையின் கதை வேறு. அதைப் போல உலகில் இன்னொன்று கிடையாது. கம்பெனியே ஒன்றே ஒன்று அச்சிட்டு, இரண்டு வீரர்களிடமும் கையெழுத்து வாங்கி வெளியிட்டது. திட்டமிட்டு உண்டாக்கிய அருமை அது.

பள்ளிக்கூட வாசலில் தொங்கும் பொட்டலத்தில் அந்த அருமை கிடையாது. அவற்றில் பல, அசல் அட்டையைப் பார்த்து அடித்த போலிகள். ஆகவே பெற்றோர் ஒன்றை உறுதியாக நம்பலாம். பிள்ளை ஆசைக்குச் சேர்க்கிறான் என்றால் சேர்க்கட்டும். பணம் வரும் என்று சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அப்படியானால் உண்மையிலேயே அருமையான காகிதம் நம் ஊரில் எதுவும் இல்லையா?

இருக்கிறது. அது கடையில் தொங்கவில்லை. பரண் மேல் கிடக்கிறது!

பாட்டுப் புத்தகம்

அமெரிக்கச் சிறுவனுக்குச் சூயிங்கம் அட்டை என்றால், நம் ஊர்ச் சிறுவனுக்கு வேறு சொத்துகள் இருந்தன.

தீப்பெட்டிப் படம் ஒன்று. சிகரெட் அட்டை இன்னொன்று. தரையில் கட்டம் போட்டு, அட்டைகளை நடுவில் வைத்து, தட்டைக் கல்லால் அடித்து வெளியே தள்ளியவனுக்கு அவை சொந்தம்.

மூன்றாவது, பிலிம் துண்டு. கொட்டகையில் படம் அறுந்தால் ஆபரேட்டர் வெட்டிப் போடும் துண்டுகளுக்குப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். பழுதான மின்சார பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறையில் வேட்டியைக் கட்டிப் "படம்" காட்டினார்கள். கட்டணம் ஒரு தீப்பெட்டிப் படம்!

நான்காவது, பாட்டுப் புத்தகம். பெரியவர்களும் விரும்பி வாங்கியது இதுதான். ஓரணா, இரண்டணாவுக்குக் கொட்டகை வாசலில் விற்றார்கள். முகப்பில் கதாநாயகன், கதாநாயகியின் படம். உள்ளே நடிகர்கள் பெயர், இசை அமைத்தவர் பெயர், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர், எல்லாப் பாடல்களும் இருக்கும். கதைச் சுருக்கமும் இருக்கும். ஆனால் முடிவைச் சொல்ல மாட்டார்கள். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள்!

பாட்டுப் பாடிக்கொண்டே எழுத்துக் கூட்டப் பழகியவர்களும் உண்டு. பலருக்கு அது சினிமாப் புத்தகம் மட்டும் அல்ல, வாசிப்புப் புத்தகமும்கூட.

ஏற்காட்டு அடிவாரத்தில்

இந்தப் பாட்டுப் புத்தகங்களில் சேலத்துக்குத் தனிப் பங்கு உண்டு.

டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஏற்காடு மலையடிவாரத்துச் சாலையில் ஸ்டூடியோ எழுந்தது. படம் எடுப்பது முதல் பிரதி போடுவது வரை எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தது.

1937-ல் "சதி அகல்யா". 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த "உத்தமபுத்திரன்". 1950-ல் மு.கருணாநிதி வசனத்தில், எம்.ஜி.ஆர். நடித்த "மந்திரிகுமாரி". 1956-ல் தமிழின் முதல் முழு நீளக் கலர் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்". தமிழ் மட்டும் அல்ல, பல மொழிகளிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே பிறந்தன.

டாப்ஸ் கம்பெனி மேன்டில் அட்டையை அச்சிட்ட அதே 1952-ல் சேலத்தில் தயாரான "வளையாபதி" வெளிவந்தது. அமெரிக்கச் சிறுவன் சூயிங்கம் அட்டை வாங்கியபோது, ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் ரசிகர்கள் பாட்டுப் புத்தகம் வாங்கினார்கள். இரண்டும் காசுக் கணக்கில் விற்ற காகிதம். இரண்டையும் பெரும்பாலோர் எறிந்துவிட்டார்கள்.

1963-ல் சுந்தரம் காலமானார். பின்னர் ஸ்டூடியோவின் காலமும் முடிந்தது. இன்று சாலையோரம் அதன் முகப்பு வளைவுதான் நிற்கிறது.

"பாலன்" போன வழி

வளைவாவது நிற்கிறது. சில படங்கள் அடியோடு போய்விட்டன.

மலையாளத்தின் முதல் பேசும் படம் "பாலன்". 1938-ல் வெளிவந்தது. அது தயாரானது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில்தான்! கேரள மாநிலமே பெருமையோடு சொல்லும் அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதாக இல்லை. சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் அது இருந்ததற்குச் சாட்சி.

தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" கதியும் அதுவே. 1931-ல் வந்த அந்தப் படத்தின் சுருள் இல்லை. பத்திரிகை விளம்பரம், பாட்டுப் புத்தகம் போன்ற காகிதங்களின் துணையால்தான் அதைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று?

அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். புழுக்கத்தில் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்று நினைத்து, பிலிமில் உள்ள வெள்ளிக்காக அதை உருக்கியதும் உண்டு. டெலிவிஷனும் வீடியோவும் வரும் என்று அன்று யார் கண்டார்?

இங்கேதான் அமெரிக்க அட்டைக்கும் நம் பாட்டுப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

ராக்கி அட்டைகள் எல்லாம் நாளை அழிந்தாலும் ராக்கி படம் இருக்கும். ஆனால் "பாலன்" போன்ற ஒரு படத்தின் பாட்டுப் புத்தகம் அழிந்தால், அதில் பாடியவர், ஆடியவர், வாத்தியம் வாசித்தவர் ஆகியோரின் பெயரும் அதோடு அழிந்துவிடும். அட்டை, படத்தின் ஞாபகார்த்தம். பாட்டுப் புத்தகமோ, படத்தின் பிறப்புச் சான்றிதழ்!

கோட்டையூர்ப் பெரியவர்

இதை முன்பே உணர்ந்தவர்களும் இருந்தார்கள்.

செட்டிநாட்டில் கோட்டையூர் என்று ஓர் ஊர். அங்கே விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தார். பெயர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கினார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் எதையும் விடவில்லை. பிறர் குப்பை என்றதை அவர் அலமாரியில் வைத்தார். 1992-ல் அவர் காலமானபோது, அந்தச் சேகரிப்பு சுமார் ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது.

அதன் அருமை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தது. அதன் முயற்சியால் சேகரிப்பு வெளிநாட்டுக்குப் போகாமல், சென்னையிலேயே 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. இன்று தமிழ்ப் படங்களைப் பற்றி ஆராய்பவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

இன்னொருவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1931-லிருந்து வெளிவந்த தமிழ்ப் படங்களின் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசே பின்னர் விலைக்கு வாங்கிக் கொண்டது. 2016-ல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய விவரம் மறையவில்லை.

இருவரும் ஏலத்தில் கோடி கிடைக்கும் என்று சேர்க்கவில்லை. போனால் வராது என்று சேர்த்தார்கள்.

இன்றைய படத்துக்குக் காகிதம் எங்கே?

தமிழிலும் நல்ல விளையாட்டுப் படங்கள் வந்திருக்கின்றன. 2007-ல் தெருக் கிரிக்கெட்டைச் சொன்ன "சென்னை 600028". 2009-ல் "வெண்ணிலா கபடிகுழு". 2018-ல் கிரிக்கெட் ஆடும் கிராமத்துப் பெண்ணின் கதையான "கனா". 2024-ல் "லப்பர் பந்து".

வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் காட்டிய "சார்பட்டா பரம்பரை" 2021 ஜூலையில் வந்தது. நம் ஊர் ராக்கி என்று சொல்லத்தக்க படம். கொரோனா காலம் ஆனதால் அது கொட்டகைக்கே வரவில்லை. நேரே இணையத்தில் வெளியாயிற்று. வீட்டிலிருந்தே லட்சக் கணக்கானோர் பார்த்தார்கள்.

ஆனால் அதற்குக் கொட்டகை டிக்கெட் இல்லை. பாட்டுப் புத்தகமும் இல்லை. பார்த்தவர் கையில் மிஞ்சியது எதுவும் இல்லை. கொட்டகைக்கு வந்த படங்களுக்கும் இப்போது டிக்கெட் என்பது பலருக்குக் கைப்பேசியில் வரும் ஒரு கட்டம்தான். படம் முடிந்ததும் அதுவும் போய்விடும்.

படம் இணையத்தில் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. வைத்திருக்கும் கம்பெனி வைத்திருக்கும் வரை இருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த காலத்தில், அது ஒருநாள் இருக்காது என்று சேலத்துக்காரர் யார் நினைத்தார்?

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளைகளின் சேர்க்கும் ஆசை கெட்டது அல்ல. அடுக்கி வைக்கவும், எண்ணவும், நண்பனோடு மாற்றிக் கொள்ளவும் அது பழக்குகிறது. கெட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தை மீண்டும் மீண்டும் வாங்கும் பழக்கம். அது லாட்டரிச் சீட்டின் தம்பி! வாரத்துக்கு ஒன்று என்று அளவு வைப்பது நல்லது.

அந்த ஆசையை உள்ளூர்ப் பக்கம் திருப்பலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அவர்களுடைய படங்களையும் செய்திகளையும் வெட்டி ஒட்டி, தேதி எழுதி ஒரு நோட்டுப் போட்டால் அதுவும் அட்டைத் தொகுப்புத்தான். காசு செலவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அது சரித்திரம்!

பெரியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. போகிக்கு வீடு ஒழிக்கும்போதும், பழைய வீட்டை இடிக்கும்போதும் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டுப் புத்தகம், கொட்டகை நோட்டீஸ், படப்பிடிப்பு நிழற்படம் எது இருந்தாலும் எடைக்குப் போடக் கூடாது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டக் கூடாது. லாமினேஷன் செய்யவும் கூடாது. ஈரம் படாத இடத்தில், வெள்ளைக் காகித உறையில் வைத்தால் போதும். யார் வாங்கியது, எந்த ஊர்க் கொட்டகையில் வாங்கியது என்று தனிச் சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும். வைத்துக் கொள்ள இடம் இல்லாதவர்கள், சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, புனாவில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேட்கலாம்.

அந்தப் பெட்டியில் உள்ள காகிதம் 113 கோடிக்குப் போகாது. நூறு ரூபாய்க்குப் போவதும் சந்தேகம்தான்.

ஆனால் பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பாட்டுப் புத்தகமாக அது இருக்கலாம். திருச்செங்கோட்டுப் பாட்டி ஒருத்தி எழுத்துக் கூட்டிப் பாடிய பாட்டு அதில் இருக்கலாம். வேறு எங்கும் இல்லாத ஒரு பெயர் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கலாம்.

அமெரிக்காவில் அட்டைகளைக் கடலில் கொட்டியவர்கள் பிறகு வருந்தினார்கள். நம் ஊரில் இன்னும் கொட்டி முடியவில்லை. பெட்டி பரண் மேல்தான் இருக்கிறது.